குறைந்தது இரண்டு

வெஸ்ட்மின்ஸ்டரில், மாடியில், குழு அறை எட்டு.
குதிரை லாடம் போல வளைந்த மேசை.
லாடத்தின் திறந்த வாயில் ஒற்றை ஆளாக
அலஸ்டர் பென்ஹாலிகன், உள்துறை.
தொண்டையைச் செருமுகிறார்.
செருமலை நான் எழுதுவதில்லை.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு:
பேசியதை எழுதுவது,
'அது வந்து'களை உதிர்த்துவிடுவது,
பாதியில் செத்த வாக்கியத்துக்கு
ஒரு கோடு கிழித்து அடக்கம் செய்வது.

இன்றைய விசாரணை மீன்கொத்தி பற்றி.
பறவை இல்லை,
குடியேற்றத் துறையின் கணினித் திட்டம்.
யார் வைத்த பெயரோ,
ஒன்பது வருடமாகக் கிளையில் உட்கார்ந்து
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

கெடு மூன்றாம் முறை தள்ளிப்போனதற்கு
'மறு அட்டவணை' என்கிறார். எழுதுகிறேன்.
சாக வேண்டிய பழைய கணினி இன்னும் மூச்சு வாங்குவதற்கு
'இணை இயக்கம்'.
ஒரு ஆளுக்கு இரண்டு கோப்பு,
இரண்டு ஆளுக்கு ஒரே முகம் என்று ஆனதற்கு
'தரவு ஒருங்கிணைவுச் சவால்'.
எழுதுகிறேன்,
காற்புள்ளியை எங்கே வைப்பது என்று மட்டும் யோசித்து.

க்வென்லியன் ப்ரொஸ்ஸர், வேல்ஸ் உறுப்பினர்,
முன்பு கணக்கு டீச்சர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.
எத்தனை பேர்?
துல்லியமான எண் கையில் இல்லை, குழுவுக்குக் கடிதம் எழுதுகிறேன்.
ஏறக்குறைய?
ஏறக்குறையச் சொல்வது பொறுப்பாகாது.
பூஜ்யமா?
இல்லை.
நல்லது, பூஜ்யத்துக்கு மேல் என்கிறார் டீச்சர்.
பின்வரிசை சிரிக்கிறது.

அப்போது வாக்கெடுப்பு மணி.
மீன்பிடி உரிமம் சம்பந்தமாக என்று ஞாபகம்.
உறுப்பினர்கள் ஓடினார்கள்,
ஒருவர் சாண்ட்விச்சோடு.
11.37. அமர்வு நிறுத்தம்.
என் விரல்களுக்கு விடுமுறை.

அறையில் மிச்சம் நான்,
தண்ணீர் ஜாடி, பென்ஹாலிகன்,
பார்வையாளர் மூன்றாம் வரிசையில் பச்சைக் கோட்டுப் பெண்.
மௌனம் நீண்டதால்தான் திரும்பினார்,
கல்யாண வீட்டில் கேட்பதுபோலக் கேட்டார்:
ரொம்ப தூரத்திலிருந்தா?

நாலு வருஷம் என்றாள்.
பிறகு, மன்னிக்கவும், ஹல்லிலிருந்து,
ரயிலில் மூன்று மணி நேரம்.
எழுந்து வந்து போனை நீட்டினாள்.
பெயர் அப்ரெஹெத், என்னுடையது.
பிறந்த தேதி, அஸ்மாரா, எல்லாம் சரி.
இந்தப் படத்தில் இருப்பவரைத் தெரியுமா?

தெரியாது என்றார்.

எனக்கும் தெரியாது.
ஆனால் நாலு வருஷமாகப் பார்க்கிறேன்.
போன மார்ச்சில் படம் மாறியது,
தாடியை எடுத்துவிட்டார்.
அவருக்கு ஏதோ கிடைத்திருக்கும் போல.
கிடைக்கட்டும்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை தருகிறேன் என்றவர்கள்
இவரைப் பார்த்துவிட்டு
எனக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.
பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

பென்ஹாலிகன் போனை வாங்கி
இரண்டு விரலால் அந்த முகத்தைப் பெரிதாக்கினார்.
மழித்த தாடை. கொஞ்சம் பயந்த கண்.
இன்னும் பெரிதாக்கினார்.
கட்டம் கட்டமாக உடைந்தது.
வாயைத் திறந்தார்,
கதவும் திறந்தது.

11.52. அமர்வு தொடர்ந்தது.
விட்ட இடத்திலிருந்து, என்றார் டீச்சர்,
பூஜ்யத்துக்கு மேல் என்றீர்கள்.

குறைந்தது இரண்டு என்றார் பென்ஹாலிகன்.

பக்கத்தில் தாள் புரட்டிய உதவியாளர் நிமிர்ந்தார்.
அவருடைய தாளில் அப்படி ஒரு எண் இல்லை.
இரண்டாயிரமா என்று தலைவர் கேட்டார்.
இல்லை, இரண்டு.
ஒரு பெண், ஒரு ஆண். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்.
மற்றவை கடிதத்தில்.

எழுதினேன். கேள்வி நாற்பத்தேழு, பதில்: குறைந்தது இரண்டு.
இந்த எண் எங்கிருந்து வந்தது என்று
பின்னாளில் யாராவது பதிவேட்டைப் புரட்டினால்
மேலே வெறும் கோடுதான் இருக்கும்.

பச்சைக் கோட்டு பொத்தான்களைப் போட்டுக்கொண்டது.
கடைசிப் பொத்தான் காணோம்.
கேள்வி நாற்பத்தெட்டு செலவு பற்றியது.